பேரனை எந்தக் கையால் தூக்குவது?

வெளிநாடு போகிறவர்கள் காமிராச் சுமையைக் குறைக்கும் வழி

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு வீடு. அந்த வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற ஆசிரியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மகன் கனடாவில் வேலை பார்க்கிறான். பேரன் பிறந்து 10 மாதம் ஆகிறது. தாத்தாவும் பாட்டியும் அவனை இன்னும் நேரில் பார்க்கவில்லை. விசா வந்துவிட்டது. மூன்று மாதப் பயணம். வீடு முழுவதும் ஒரே பரபரப்பு!

தாத்தாவுக்குப் படம் எடுப்பதில் ஆசை அதிகம். பெரிய காமிரா வைத்திருக்கிறார். அதற்கு மூன்று லென்ஸ், ஒரு பிளாஷ் விளக்கு, ஒரு முக்காலி. எல்லாவற்றையும் ஒரே பையில் அடுக்குகிறார். தூக்கிப் பார்க்கிறார். ஒரு பக்கத் தோள் இறங்கிவிடுகிறது.

பாட்டி பார்த்துக்கொண்டே இருக்கிறார். பிறகு மெதுவாகக் கேட்கிறார்:

"ஏங்க, இதைத் தோளிலே மாட்டிக்கிட்டா பேரனை எந்தக் கையாலே தூக்குவீங்க?"

தாத்தாவிடம் பதில் இல்லை.

கடலூரிலும் சிதம்பரத்திலும் இப்படிப் புறப்படுகிற குடும்பங்கள் பல. பிள்ளைகள் சிங்கப்பூரில் இருப்பார்கள், வளைகுடா நாடுகளில் இருப்பார்கள், அமெரிக்காவில் இருப்பார்கள். பெற்றோர் வாழ்நாளில் ஒரு முறையோ இரு முறையோதான் அங்கே போகிறார்கள். அங்கே எடுக்கிற படங்கள்தான் பிறகு வீட்டில் தங்கும். அந்தப் படங்களை எடுக்கக் காமிரா கையில் இருக்க வேண்டும். கனமான காமிரா கையில் இருக்காது. இரண்டாம் நாளே அலமாரிக்குப் போய்விடும்!

தராசு சொல்லும் கணக்கு

முதலில் எடையைப் பார்ப்போம்.

பல விமான நிறுவனங்கள் சாதாரண வகுப்புப் பயணிக்குக் கைப்பை 7 கிலோ வரைதான் அனுமதிக்கின்றன. பெரிய காமிரா ஒன்றின் உடல் மட்டும் முக்கால் கிலோ முதல் ஒரு கிலோ வரை இருக்கும். நல்ல ஜூம் லென்ஸ் ஒன்று ஏறக்குறைய அதே எடை. தொலைவில் இருப்பதை அருகே காட்டும் பெரிய லென்ஸ் ஒன்றரைக் கிலோ. முக்காலி ஒன்றரை முதல் இரண்டு கிலோ. பிளாஷ், சார்ஜர், பையின் எடை எல்லாம் சேர்த்தால் ஆறு கிலோவைத் தாண்டிவிடும்.

மீதி எவ்வளவு? ஒரு கிலோகூட இல்லை. மாத்திரை, கண்ணாடி, சால்வை, பயணத் தாள்கள் இவற்றை எதில் வைப்பது?

"காமிராவைப் பெரிய பெட்டியில் போட்டு அனுப்பிவிட்டால் என்ன?" என்று சிலர் கேட்பார்கள். அது கூடாது. பெட்டிகள் பல கை மாறும். மேலும் கீழும் விழும். லென்ஸ் கண்ணாடியால் ஆனது. பெட்டி வேறு ஊருக்குப் போய்ச் சேருவதும் உண்டு. தவிர, தனியாக வைத்திருக்கும் லித்தியம் பாட்டரிகளைப் பெரிய பெட்டியில் வைக்கவே விதி இடம் தராது. ஆகவே காமிரா கைப்பையில்தான் வர வேண்டும். கைப்பையில் வர வேண்டுமானால் இலேசாக இருக்க வேண்டும்.

மூச்சு வாங்கிய மனிதர்

இலேசான காமிரா எப்படிப் பிறந்தது தெரியுமா? மூச்சு வாங்கிய ஒரு மனிதரால்!

ஜெர்மனி நாட்டில் வெட்ஸ்லார் என்று ஓர் ஊர். அங்கே லைட்ஸ் என்ற நிறுவனம் நுண்ணோக்கிகளைச் செய்தது. அதில் ஆஸ்கார் பார்னாக் என்பவர் வேலை பார்த்தார். அவருக்கு மலைப் பக்கம் நடந்து போய்ப் படம் எடுப்பதில் பிரியம். ஆனால் ஆஸ்துமாத் தொல்லை. அந்தக் காலத்துக் காமிரா பெரிய பெட்டி. படம் எடுக்கக் கண்ணாடித் தகடுகள். எல்லாவற்றையும் சுமந்து மேடு ஏற அவரால் முடியவில்லை.

அவர் ஒரு யோசனை செய்தார். சினிமாவுக்குப் பயன்படும் 35 மில்லிமீட்டர் பிலிமை எடுத்தார். அதில் சிறிய படம் எடுக்க ஒரு குட்டிக் காமிரா செய்தார். பிறகு அந்தச் சிறிய படத்தைப் பெரிதாக்கிக்கொண்டார். 1914-ஆம் ஆண்டு வாக்கில் முதல் மாதிரி தயாராகிவிட்டது. அதற்குள் உலகப் போர் வந்துவிட்டது. 1925-ல்தான் லைப்சிக் நகரச் சந்தையில் அந்தக் காமிரா வெளிவந்தது. அதுதான் லைக்கா. பிறகு உலகம் முழுவதும் பத்திரிகைக்காரர்களும் பயணிகளும் அதைத் தூக்கிக்கொண்டார்கள்.

உடம்பு தாங்காததைச் சுமக்க வேண்டாம் என்று நினைத்தார் அவர். உலகத்துக்கே நன்மை விளைந்தது!

பிச்சாவரம் வரை நீளும் பிலிம்

தமிழ்நாட்டிலும் காமிராவோடு கடல் கடந்த ஒருவர் உண்டு. காரைக்குடிக்குப் பக்கத்தில் உள்ள கோட்டையூரைச் சேர்ந்த ஏ. கே. செட்டியார். 1911-ல் பிறந்தவர். ஜப்பானிலும் நியூயார்க்கிலும் படக்கலை படித்தார். 'உலகம் சுற்றிய தமிழர்' என்றே அவரைத் தமிழ்நாடு அழைத்தது.

1937-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி. காந்தியடிகளின் பிறந்த நாள். செட்டியார் நியூயார்க்கிலிருந்து அயர்லாந்துக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்தார். காந்தியடிகளைப் பற்றி ஒரு செய்திப் படம் எடுக்க வேண்டும் என்ற எண்ணம் அந்தக் கப்பலில்தான் பிறந்தது. பிறகு அவர் நாடு நாடாக அலைந்தார். பல ஆண்டுகளில் பலர் எடுத்து வைத்திருந்த காட்சிகளைத் தேடிப் பிடித்தார். தாமும் படம் எடுத்தார். இப்படி 50 ஆயிரம் அடி பிலிம் சேர்ந்தது. அதிலிருந்து 12 ஆயிரம் அடியைத் தேர்ந்து எடுத்துத் தொகுத்தார். 1940-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் படம் தமிழில் வெளிவந்தது.

50 ஆயிரம் அடி என்றால் எவ்வளவு நீளம்? 15 கிலோமீட்டருக்கு மேல்! சிதம்பரத்தில் ஒரு நுனியைப் பிடித்து விரித்துக்கொண்டே போனால் ஏறக்குறைய பிச்சாவரம் வரை போகும். அவர் காலத்தில் படம் என்றால் இப்படிப்பட்ட பாரம்தான்.

இப்போது அந்தப் பாரம் இல்லை. ஆயிரக்கணக்கான படங்கள் தபால் தலை அளவு அட்டை ஒன்றில் அடங்கிவிடுகின்றன. அதன் எடை இரண்டு கிராம். அப்படி இருக்கும்போது நாமாக ஏன் ஆறு கிலோவைத் தேடிக்கொள்ள வேண்டும்?

எது போதும்?

வெளிநாட்டுப் பயணத்துக்கு மூன்று வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, கையில் இருக்கும் செல்போன். எடை ஏறக்குறைய 200 கிராம். குடும்பப் படத்துக்கும், வீதிக் காட்சிக்கும், உணவு மேசைக்கும் அதுவே போதும். தொலைவில் உள்ளதைப் பெரிதாக எடுப்பதிலும், இருட்டில் ஓடுகிற பிள்ளையை எடுப்பதிலும்தான் அது திணறும்.

இரண்டாம் வழி, சட்டைப் பையில் அடங்கும் சிறிய காமிரா. எடை ஏறக்குறைய 300 கிராம். லென்ஸைக் கழற்ற முடியாது. ஆனால் உண்மையான ஜூம் இருக்கும். பள்ளிக்கூட மேடையில் நிற்கும் பேத்தியைக் கடைசி வரிசையில் இருந்தும் எடுக்கலாம்.

மூன்றாம் வழி, கண்ணாடி இல்லாத சிறிய காமிரா. இதைக் கடைகளில் 'மிரர்லெஸ்' என்பார்கள். பழைய பெரிய காமிராவுக்குள் ஒரு முகக் கண்ணாடி சாய்வாக இருக்கும். அதற்கு இடம் வேண்டியிருந்ததால் காமிராவும் பருத்தது. அந்தக் கண்ணாடியை எடுத்துவிட்டார்கள், காமிரா மெலிந்துவிட்டது. சிறிய ரகத்தில் உடலும் ஒரு சிறிய ஜூம் லென்ஸும் சேர்ந்து ஒரு கிலோவுக்குள் அடங்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. காமிராவின் உடல் சிறியதாக இருந்தால் மட்டும் போதாது. சுமையில் பெரும்பகுதி லென்ஸில்தான் இருக்கிறது. காமிராவுக்குள் வெளிச்சத்தை வாங்கும் தகடு பெரிதாக இருந்தால் அதற்கு ஏற்ற லென்ஸும் பெரிதாகவே இருக்கும். ஆகவே கடையில் உடலை மட்டும் கையில் வாங்கிப் பார்த்து ஏமாறக் கூடாது. லென்ஸ் மாட்டிய பிறகு தூக்கிப் பார்க்க வேண்டும்.

எத்தனை லென்ஸ்? ஒன்று போதும். ஆசை விடவில்லை என்றால் இரண்டு. அகலக் காட்சிக்கும் ஆள் படத்துக்கும் உதவுகிற ஒரு ஜூம். வீட்டுக்குள், மாலை வேளையில் எடுக்க ஒரு சின்ன லென்ஸ். லென்ஸின் மேல் 2, 2.8, 4 என்று எண்கள் இருக்கும். எண் சிறிதானால் துவாரம் பெரிது. 4 என்ற நிலையில் வருகிற வெளிச்சத்தைப் போல நான்கு மடங்கு 2 என்ற நிலையில் வரும். குளிர் நாட்டில் மாலை நான்கு மணிக்கே இருட்டும். குழந்தையோ வீட்டுக்குள்தான் விளையாடும். அந்தச் சின்ன லென்ஸ் அப்போது கை கொடுக்கும்.

முக்காலியும் பெரிய பிளாஷும் வீட்டிலேயே இருக்கட்டும். காமிராவைச் சுவரிலோ மேசையிலோ வைத்தால் அதுவே முக்காலி!

நான்கு வீதிச் சோதனை

என்ன எடுத்துப் போவது என்று முடிவு செய்தாயிற்றா? உடனே பெட்டியைப் பூட்டக் கூடாது. ஒரு சோதனை பாக்கி இருக்கிறது. அதற்குச் சிதம்பரத்தைவிட நல்ல இடம் கிடையாது.

நடராசர் கோவிலைச் சுற்றி நான்கு தேரோடும் வீதிகள் உள்ளன. கீழ வீதி, தெற்கு வீதி, மேல வீதி, வடக்கு வீதி. கொண்டுபோக நினைக்கிற எல்லாவற்றையும் பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு, நான்கு வீதிகளையும் நிற்காமல் இரண்டு முறை சுற்றி வர வேண்டும். காலை வெயிலில் நடந்தால் இன்னும் நல்லது. இரண்டாம் சுற்றில் எந்தப் பொருள் மேல் கோபம் வருகிறதோ, அதை வீட்டில் விட்டுவிடலாம்!

நடக்கும்போதே படமும் எடுத்துப் பார்க்கலாம். நான்கு திசையிலும் ஏழு நிலைக் கோபுரங்கள். வீதியில் நின்று எடுத்தால் கோபுரம் முழுவதும் படத்தில் அடங்குகிறதா? அடங்கினால் வெளிநாட்டு மாளிகைகளும் அடங்கும். அதே இடத்தில் நின்று கோபுரத்தில் உள்ள ஒரு சிறிய பொம்மையை மட்டும் எடுத்துப் பார்க்க வேண்டும். அது தெளிவாக விழுந்தால் ஜூம் போதும் என்று பொருள். கோவிலுக்குள் கட்டுப்பாடு உண்டு. சந்நிதியில் படம் எடுக்கக் கூடாது. எங்கே எடுக்கலாம், எங்கே எடுக்கக் கூடாது என்று கேட்டு நடக்கும் பழக்கம் அயல்நாட்டிலும் உதவும்.

இருட்டில் அசைவதை எடுக்கப் பழகச் சிதம்பரம் நாட்டியாஞ்சலி நல்ல சமயம். 1981 முதல் மகா சிவராத்திரியை ஒட்டி நடக்கும் விழா அது. மேடை விளக்கில் ஆடுகிற கால்களைத் தெளிவாக எடுத்துவிட்டால், தவழுகிற பேரனை எடுப்பது எளிது!

படகிலும் மணலிலும்

அடுத்த பாடம் பிச்சாவரத்தில். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே ஆயிரம் ஹெக்டேருக்கு மேல் பரந்த அலையாத்திக் காடு. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைத் தந்த தில்லை மரம் இங்கே இன்னும் வளர்கிறது. படகு குறுகிய வாய்க்காலில் நுழையும்போது மேலே கிளைகள் மூடி இருட்டாகும். வெளியே வந்தால் கண் கூசும் வெயில். இரண்டு இடத்திலும் உடனுக்குடன் படம் எடுத்துப் பார்த்தால் காமிராவின் குணம் தெரிந்துவிடும். ஆடுகிற படகில் லென்ஸ் மாற்றினால் என்ன கஷ்டம் என்பதும் தெரியும். 'ஒரு லென்ஸ் போதும்' என்று மனம் தானே ஒப்புக்கொள்ளும்.

கடலூர் தேவனாம்பட்டினம் சில்வர் பீச் கடைசிப் பாடம். விடியற்காலையில் கடலுக்கு மேல் சூரியன் எழுவதை எடுக்கலாம். ஆனால் உப்புக் காற்றும் மணலும் காமிராவுக்கு எதிரிகள். அங்கே லென்ஸைக் கழற்றக் கூடாது. வீட்டுக்கு வந்ததும் முதலில் ஊதும் பந்தால் மணலைப் போக்கி, பிறகு மெல்லிய துணியால் துடைக்க வேண்டும். மணலோடு துடைத்தால் கண்ணாடியில் கீறல் விழும்.

இந்த மூன்று பாடங்களுக்கும் பஸ் கட்டணமும் படகுக் கட்டணமும்தான் செலவு. புதிய காமிராவை விமானத்தில் ஏறிய பிறகு பிரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பயணத்தின் முதல் வாரத்தைப் பொத்தான் தேடுவதிலேயே கழிப்பார்கள்.

பாட்டரிக் கணக்கு

பாட்டரி விஷயத்தில் ஏமாந்தால் விமான நிலையத்தில் பறிகொடுக்க நேரும்.

உபரிப் பாட்டரியும் பவர் பாங்கும் கைப்பையில்தான் இருக்க வேண்டும். 100 வாட் மணி வரை தடை இல்லை. 100-க்கு மேல் 160 வரை உள்ளதற்கு விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். அதற்கும் மேல் பயணி விமானத்தில் ஏற்ற முடியாது. காமிராப் பாட்டரி பொதுவாக 20 வாட் மணிக்குள் இருக்கும். 10 ஆயிரம் மில்லி ஆம்பியர் மணி பவர் பாங்க் 37 வாட் மணி. 20 ஆயிரம் என்றால் 74. ஆகவே பயம் இல்லை. அளவு அதன் மேல் தெளிவாக அச்சிட்டிருக்க வேண்டும். ஒவ்வொரு பாட்டரியையும் தனித்தனி உறையில் போட வேண்டும். அதன் உலோக முனையில் சாவியோ காசோ பட்டால் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. எண்ணிக்கை பற்றியும், பறக்கும்போது பவர் பாங்கைப் பயன்படுத்துவது பற்றியும் ஒவ்வொரு நிறுவனமும் தனி விதி வைத்திருக்கிறது. டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுவிடுவது நல்லது.

மின்சாரமும் நாட்டுக்கு நாடு மாறும். நம் நாட்டில் 230 வோல்ட். கனடாவிலும் அமெரிக்காவிலும் 120. ஜப்பானில் 100. சார்ஜர் மேல் '100 - 240' என்று எழுதியிருந்தால் எங்கும் வேலை செய்யும். பிளக்கின் முனைதான் பொருந்தாது. கனடாவில் தட்டை முனை. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இங்கிலாந்திலும் சதுரமான மூன்று முனை. அந்த நாட்டுக்கு ஏற்ற சிறிய அடாப்டர் ஒன்று வாங்கிக்கொண்டால் போதும். செல்போனும் காமிராவும் ஒரே வயரில் சார்ஜ் ஆனால் இன்னும் ஒரு சுமை குறையும்.

ஹிலாரி படம் எங்கே?

1953-ஆம் ஆண்டு மே 29-ந் தேதி டென்சிங்கும் ஹிலாரியும் எவரெஸ்டு உச்சியை அடைந்தார்கள். ஹிலாரியிடம் இருந்தது கோடக் ரெட்டினா என்ற சிறிய காமிரா. குளிரில் கெட்டுவிடாமல் சட்டைக்குள் வைத்துக் கொண்டுபோனார். உச்சியில் சுமார் 15 நிமிடம்தான் நின்றார்கள். டென்சிங் கொடியோடு நிற்கும் படம் உலகப் புகழ் பெற்றது. ஆனால் ஹிலாரி உச்சியில் நிற்கும் படம் ஒன்றுகூட இல்லை. காமிரா அவர் கையில் இருந்தது!

பல குடும்பங்களில் இதே கதைதான். மூன்று மாதப் படங்களைப் புரட்டினால் தாத்தா ஒன்றிலும் இருக்க மாட்டார். ஆகவே பாட்டியும் பழக வேண்டும். எந்தப் பொத்தானை அழுத்துவது, எடுத்த படத்தை எப்படிப் பார்ப்பது, இந்த இரண்டும் தெரிந்தால் போதும். காமிரா இலேசாக இருந்தால் அவரும் மனம் உவந்து வாங்கிக்கொள்வார்.

காமிரா போனாலும் படம் போகாது

1969-ஆம் ஆண்டு ஜூலை மாதம் சந்திரனில் இறங்கியவர்கள், திரும்பும்போது எடையைக் குறைக்கக் காமிராவை அங்கேயே விட்டுவிட்டார்கள். படம் பதிந்த பிலிம் பெட்டியை மட்டும் கழற்றிக் கொண்டுவந்தார்கள். காமிராவைவிடப் படம் பெரிது என்பது அவர்களுக்குத் தெரியும்.

பயணிக்கும் இதே விதிதான். ஒரு பெரிய அட்டைக்குப் பதில் இரண்டு சிறிய அட்டைகள் நல்லது. ஒன்று கெட்டாலும் மற்றது மிஞ்சும். இரவு படுக்கும் முன் அன்றைய படங்களை மகனின் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி எடுத்துவிட வேண்டும். ஊர் திரும்பும் நாளில் ஒரு பிரதி அங்கே, ஒரு பிரதி பையில்.

குளிர் நாட்டில் பாட்டரி சீக்கிரம் தளர்ந்துவிடும். உபரிப் பாட்டரியைச் சட்டைப் பையில் உடம்பு சூட்டில் வைத்துக்கொள்ளலாம். பனியில் இருந்து வீட்டுக்குள் நுழைந்தால் குளிர்ந்த லென்ஸில் நீர் முத்துக்கள் படியும். நுழையும் முன்பே காமிராவைப் பிளாஸ்டிக் பையில் போட்டு மூடி, வீட்டுச் சூட்டுக்கு வந்த பிறகு திறக்க வேண்டும். ஊருக்குத் திரும்பிய பிறகு கடலூர் ஈரக்காற்று வேறு விதமான தொல்லை தரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். காற்றுப் புகாத டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு வைத்தால் கவலை இல்லை.

விலை உயர்ந்த காமிராவானால் அதன் எண்ணைக் குறித்துக்கொண்டு, வாங்கிய ரசீதின் நகலையும் கையோடு வைத்துக்கொள்ள வேண்டும். இங்கிருந்து கொண்டுபோனதுதான் என்று புறப்படும்போதே விமான நிலையச் சுங்க அதிகாரிகளிடம் காட்டிச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளவும் வழி உண்டு. திரும்பி வரும்போது வரி பற்றிய கேள்வி எழுந்தால் அது உதவும்.

தூரத்து நடராசர்

சிதம்பரத்துக்காரர் ஐரோப்பா போனால் அங்கே ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது. சுவிட்சர்லாந்தில் ஜெனீவாவுக்குப் பக்கத்தில் 'செர்ன்' என்ற அணு ஆராய்ச்சி நிலையம் உண்டு. அங்கே இரண்டு மீட்டர் உயர நடராசர் சிலை நிற்கிறது. இந்திய அரசு அளித்த சிலை. 2004-ஆம் ஆண்டு ஜூன் 18-ந் தேதி திறந்துவைக்கப்பட்டது. எங்கோ ஒரு தூர தேசத்தில் சொந்த ஊர்த் தெய்வத்தின் கோலத்தைக் காணும் நேரத்தில், காமிரா தங்கிய இடத்து அலமாரியில் இருந்தால் எப்படி இருக்கும்!

மஞ்சக்குப்பம் தாத்தா என்ன செய்ய வேண்டும்? பெரிய பையைப் பரணில் ஏற்ற வேண்டும். சிறிய காமிரா ஒன்று, லென்ஸ் ஒன்று, பாட்டரி இரண்டு, அட்டை இரண்டு, சார்ஜர் ஒன்று. மளிகைக் கடைத் தராசில் வைத்தால் ஒன்றேகால் கிலோவைத் தாண்டக் கூடாது. பாட்டியின் பையில் முறுக்குக்கும் அதிரசத்துக்கும் இடம் கிடைக்கும்.

விமான நிலைய வாசலில் மருமகள் குழந்தையோடு நிற்பாள். தாத்தாவின் இரண்டு கையும் காலியாக இருக்கும். பேரனை வாரி எடுப்பார். அந்த முதல் படத்தைப் பாட்டி எடுப்பார்.